பொங்காத பானையை இறக்கியவர்கள்

கீழே மண் தெரியவில்லை. மேலே வானம் தெரியவில்லை. இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானத்தில் நான் மட்டும் இருந்தேன். எரிபொருள் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. செத்துவிடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அழக்கூட வரவில்லை.

மாரியம்மனின் மக்களே, அந்த மேகத்துக்குள்ளிருந்து அவள் என்னை எப்படித் தரையில் கொண்டுவந்து விட்டாள் என்பதைத்தான் எழுதுகிறேன். கேள்விப்பட்ட கதை இல்லை. எனக்கு நடந்தது.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். திருக்கோவிலூருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தேன். பிறகு மெட்ராஸில் கல்லூரி. அங்கே தகவல் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சிறு விமானம் ஓட்டும் பயிற்சிக்கு எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு என்று அதில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது.

ஊருக்குப் போய்ச் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, நம்ம ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல. நீ ப்ளேனு ஓட்டப் போறியா?"

அப்பா சிரித்தார். "ஓட்டட்டும் வுடுடி. வண்டி மாட்ட ஓட்டுன புள்ளதானே. அதவிடவா அது மொரண்டு பண்ணப் போவுது?"

பயிற்சி நன்றாகத்தான் போனது. தனியாக ஏறி, தனியாக இறங்கினேன். அடுத்தது தனியாக ஒரு நீண்ட பயணம். மெட்ராஸிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதை முடித்தால்தான் லைசென்ஸ்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்தில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியது. சனங்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, போன் கம்பிகளும் அறுந்தன. அப்பாவும் போய் உட்கார்ந்துவிட்டார். "நம்ம வூட்டுல ஒன்னு படிச்சிடுச்சே, அப்புறம் ஏன் நீ போற?" என்று அம்மா கேட்டாளாம். "நம்மளது ஒன்னு படிச்சா போதுமா? ஊருல மத்த புள்ளைங்க இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாராம். நடந்தே மெட்ராஸ் வந்து சேர்ந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விடுதி வாசலில் நின்று இதைச் சொன்னார். கூடவே, "எங்கியோ போலீசு சுட்டுட்டாங்கன்னு சொல்றாங்கம்மா. யாரு எவுருன்னு தெரியல" என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு ஊர்ச் செய்தி எதுவும் இல்லை.

என்னோடு பயிற்சி எடுத்த ஒரு மெட்ராஸ் பையன் கேலியாகக் கேட்டான்: "உங்க ஆளுங்க ரோட்ட மூடிட்டாங்களாமே. அதுக்குத்தான் நீ பறக்கக் கத்துக்கிறியா?"

"ஆமா. எங்களுக்கு நீங்க வழி விடுறவரைக்கும் மேலாலயே போறதா முடிவு பண்ணிட்டோம்" என்றேன். ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

என் பயண நாள் வந்தது. காலையில் மழைத் தூறல். அதனால் தாமதமாகத்தான் கிளம்ப அனுமதி கிடைத்தது. வழி சுலபம். திருச்சி நெடுஞ்சாலையைக் கீழே பார்த்துக்கொண்டே தெற்கே போனால் போதும். எங்களுக்கு எப்போதும் சொல்லித் தருவது இதுதான்: சந்தேகம் வந்தால் சாலையைப் பிடித்துக்கொள்.

திண்டிவனம் வரைக்கும் சாலை இருந்தது. விழுப்புரத்தை நெருங்கும்போது அது காணாமல் போய்விட்டது.

மேலேயிருந்து ஒரு சாலையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கறுப்பாகத் தெரியும். அதன்மேல் லாரிகள் பொட்டுப் பொட்டாக ஊர்ந்து போகும். அன்று லாரி இல்லை. இருபுறமும் வெட்டிப்போட்ட மரங்களின் தழை தாரின்மேல் கிடந்தது. பக்கத்து வயலும் பச்சை, சாலையும் பச்சை. அங்கங்கே டயர் எரிந்த கரும்புகை தாழ்ந்து பரவியிருந்தது. போலீஸ் வண்டி வராமல் எங்கள் சனம் மறித்த சாலை என் கண்ணுக்கும் மறைந்துவிட்டது.

இடதுபக்கம், கடல் பக்கத்திலிருந்து, பெரிய மழைமேகம் எழுந்து வந்தது. நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். அது இன்னும் நெருங்கியது. நான் இன்னும் ஒதுங்கினேன். ஒரு ஆறு தெரிந்தது. தென்பெண்ணைதான் என்று நினைத்தேன். ஒரு ஏரி தெரிந்தது. எங்கள் பக்கத்து ஏரி என்று நினைத்தேன். நான் பிறந்த பூமி எனக்கே தெரியாமல் போகுமா என்று ஒரு தைரியம். ஆனால் மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லா ஏரியும் நிறைந்து ஒரே மாதிரி பளபளக்கும். கரையில் நடந்து பழகியவளுக்கு அது மேலேயிருந்து எப்படி இருக்கும் என்று என்ன தெரியும்?

மேகம் கீழே இறங்கியது. விலகிய ஒரு இடைவெளியில் பார்த்தேன். எனக்கு எதிரே காடு நின்றது. கீழே இல்லை, எதிரே. கல்வராயன் மலை. கரியாலூர் பக்கத்துச் சரிவாக இருக்க வேண்டும். மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. விமானத்தைச் சாய்த்துத் திருப்பினேன்.

கிழக்கே போனால் சமவெளி. அது மட்டும் தெரியும். ஆனால் கிழக்கே மழை. ரேடியோவில் கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது. அது மெட்ராஸைச் சுற்றித்தான் கேட்கும். எரிபொருள் முள்ளைப் பார்த்தேன். திருச்சிக்கும் போக முடியாது, மெட்ராஸுக்கும் திரும்ப முடியாது. வயலில் இறக்கலாம் என்றால் எல்லாம் சேற்று நெல் வயல். சக்கரம் பட்டதும் குப்புறக் கவிழும். சாலையில் இறக்கலாம் என்றால் மரங்கள்.

அப்போதுதான் வாய்விட்டுக் கூப்பிட்டேன். மந்திரம் ஒன்றும் எனக்கு வரவில்லை. எங்கள் அம்மா தீச்சட்டி எடுக்கும்போது கத்துவதைப் போலத்தான் கத்தினேன். "அம்மா! மாரியம்மா! நான் உம் பொண்ணுதானே! எங்கப்பா ரோட்டுல உட்கார்ந்திருக்காரு, எங்கம்மா வூட்டுல உட்கார்ந்திருக்கா. என்னைத் தரையில எறக்கி வுடு. எந்தத் தரையா இருந்தாலும் சரி!"

இஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

மழைத் திரை ஒரு ஓரமாக விலகியது. தூரத்தில் புகை தெரிந்தது. முதலில் டயர் என்றுதான் நினைத்தேன். ஆனால் டயர்ப் புகை கறுப்பாக, தடித்து, தரையோடு உருளும். இது வெளுத்த புகை. மெல்லிய மெல்லிய கோடுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, அளவெடுத்து நிறுத்தியதைப் போல ஒரே வரிசையில் எழுந்து, மேலே போனதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

மெட்ராஸில் வளர்ந்த யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. கரும்பின் காய்ந்த தோகையான சோகையை எரித்து, வரிசையாகப் பொங்கல் வைக்கும் அடுப்புகளின் புகை அது. பொங்கல் வரிசையைச் சேற்றில் வைக்க மாட்டார்கள். அங்கே காய்ந்த, சமமான தரை இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் அந்தப் புகையே சொல்லிவிட்டது. விமானத்தை இறக்குகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

அதை நோக்கிப் போகும் வழியில்தான் ஒரு இடத்தில் சாலை கண்ணில் பட்டது. அதன்மேல் ஆட்கள். வெள்ளை வேட்டிகளாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தாழ்வாகப் போனேன். ஒருவர் எழுந்து துண்டைச் சுழற்றினார். முகம் தெரியவில்லை. அப்பாவா என்று பார்ப்பதற்குள் கடந்துவிட்டேன்.

பிறகு வரைபடத்தில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம் உண்டு. பல காலமாக யாரும் பயன்படுத்தாதது. புகை அதன்மேல்தான் எழுந்துகொண்டிருந்தது. பாதித் தளத்தில் வேலிக்காத்தான் முள் மண்டியிருந்தது. இன்னொரு பக்கம் காயப் போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, குவியலாகக் கிடந்தது. நல்ல தரையாக இருந்த மிச்சத்தின் நடுவில் பெண்களும் அடுப்புகளும்.

நான் வட்டமடித்தேன். அவர்கள் நகரவில்லை. இறக்கையை ஆட்டினேன். நகரவில்லை. இன்னும் தாழ்வாகப் போய்க் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தியும் அடுப்பை விட்டு அசையவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஒருவருக்காக வேண்டிக்கொண்டு பானை ஏற்றினால், அது பொங்கி வழிகிறவரைக்கும் அடுப்பை விட்டுப் போகக் கூடாது. பொங்காத பானையை இறக்கினால் யாருக்காக வைத்ததோ அவருக்கு ஆகாது. அந்தப் பெண்கள் யாருக்காக வைத்திருப்பார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சற்று முன்தான் அவர்களைச் சாலையில் பார்த்துவிட்டு வந்தேன்.

எரிபொருள் முள் அடியில் படுத்துவிட்டது. இன்னும் ஒரு சுற்றுதான். இந்தப் பெண்களின்மேல் இறக்குவதைவிட வேலிக்காத்தான் புதரில் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அப்போது வரிசையின் நடுவில் ஒருத்தி குனிந்தாள். முந்தானையால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடினாள். திரும்பி வந்து காலால் கற்களைத் தள்ளினாள். எரிகிற சோகையை வாரி எறிந்தாள். கையை வீசி மற்றவர்களைப் பார்த்து என்னவோ கத்தினாள். அடுத்தவள் குனிந்தாள். அதற்கடுத்தவள். வரிசை முழுவதும் எழுந்து ஓடியது.

இறங்கினேன். சக்கரம் ஒரு கல்லில் ஏறிக் குதித்தது, ஒரு பக்கம் இழுத்தது, பிறகு நேராக ஓடி நின்றது. இஞ்சினை அணைத்தேன். கதவைத் திறந்து இறங்கினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரை வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பு எரிந்த இடம்.

முதலில் பானையை எடுத்தவள் வந்தாள். பெயர் குப்பம்மாள். கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"பொட்டப்புள்ளடீ! நான் சொன்னேன்ல, சட தெரிஞ்சுதுன்னு!" என்று பின்னால் வந்தவர்களிடம் கத்தினாள். பிறகு என்னிடம், "யாரு நீ? எந்த ஊரு?"

"மணலூர்பேட்டைப் பக்கங்க."

"மணலூர்பேட்டயா! அடிப் பாவி மவளே, பஸ்ல வரக் கூடாதா?"

"பஸ்ஸு எங்க ஓடுது? அதான் இதுல வந்திருக்குது" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பயத்திலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது.

போலீஸ் விமானம் என்றுதான் அவர்கள் முதலில் நினைத்தார்களாம். ஆண்கள் எங்கே என்று வேவு பார்க்க வந்திருக்கிறது என்று. தாழ்ந்து பறந்தபோதுதான் என் சடையும் நீட்டிய கையும் தெரிந்திருக்கின்றன.

"எங்க வூட்டுக்காரரு ரோட்டுல குந்திகினு கீறாரு. அவருக்குத்தான் பானை. எடுக்கறதா வாணாமான்னு உசுரு அடிச்சுக்கிச்சு" என்றாள் குப்பம்மாள். "அப்புறம் நெனச்சேன். அவரு தரையில கீறாரு. இது ஆகாசத்துல கீது. இதுக்கும் ஒரு ஆத்தா வூட்டுல பானை ஏத்தி வெச்சிருப்பா. ஆனது ஆவட்டும்னு தூக்கிட்டேன்."

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சரசு. புதிதாகக் கல்யாணம் ஆனவள். அவசரத்தில் அவள் பானை கவிழ்ந்து, அரிசியும் பாலும் தரையில் ஓடியிருந்தன.

"எம் பானை கொட்டிப் போச்சுக்கா. அவருக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோர் கண்ணும் அவரவர் பானையைப் பார்த்தது. என் உயிருக்கு அவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது.

எழுந்து அவளிடம் போனேன். "நான் பார்த்தேன்" என்றேன்.

"யாரப் பாத்த?"

"ரோட்டுல உட்கார்ந்திருக்கிறவங்கள. இங்க வரும்போது அவங்க தலைக்கு மேலதான் வந்தேன். வரிசையா உட்கார்ந்திருக்காங்க. யாரும் ஓடல. யாரும் விழுந்து கிடக்கல. ஒருத்தர் எழுந்து துண்டைச் சுத்தினாரு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"துண்டு இன்னா கலரு?"

"பச்ச மாதிரி இருந்துச்சு."

"எங்க வூட்டுக்காரருதான்! பச்சத் துண்டு அவருதான்!"

"ஏன், எம் மாமனுக்குப் பச்சத் துண்டு இல்லியா?"

"எங்கண்ணன்டீ அது! அவன்தான் எத்தப் பாத்தாலும் கைய ஆட்டுவான்."

நான் பார்த்தது ஒரு மனிதரை. அவர் அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகிவிட்டார். முகம் தெரியவில்லை என்று சொன்னேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. குப்பம்மாள் என் கன்னத்தைத் தொட்டாள். "மொகம் எதுக்கு? உசுரோட கீறாங்கன்னு சொல்றியே. அதத்தானே மாரியம்மாகிட்டக் கேட்டுகினு இருந்தோம்."

சேதி கிடைக்காமல்தான் அவர்கள் அங்கே வந்திருந்தார்கள். ஆண்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய வேண்டுதல். ஊர் மாரியம்மன் கோயில் வாசல் சேறாக இருந்ததால் அன்று பழைய ஓடுதளத்தில் அடுப்பு வைத்தார்கள். என் வேண்டுதலுக்குப் பதிலாக அவர்களுடைய அடுப்பை எனக்குக் காட்டினாள் அம்மன். அவர்களுடைய வேண்டுதலுக்குப் பதிலாக என்னை அவர்கள் நடுவில் இறக்கினாள்.

மறுபடியும் கற்களை அடுக்கினோம். சரசுவின் பானையை நானே கழுவினேன். ஆளுக்கு ஒரு கை அரிசி போட்டு அதை நிரப்பினார்கள். எனக்கும் ஒரு சின்னப் பானை கொடுத்தார்கள். அப்பா பெயரைச் சொல்லி ஏற்றினேன். சரசுவின் பானைதான் முதலில் பொங்கியது. அவள் கத்திய கத்தலில் மல்லாட்டையைத் தின்றுகொண்டிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன.

மறியல் முடிகிறவரை குப்பம்மாள் வீட்டில்தான் இருந்தேன். விமானத்தின் மூக்கில் மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டிவிட்டார்கள். "லைசென்ஸே இல்லாதவ கையில இத்தினி பெரிய வண்டியக் குடுத்துட்டாங்களே" என்று குப்பம்மாள் தினமும் ஒரு தடவை சொல்வாள். அந்த ஊர் ஆண்கள் திரும்பி வந்தார்கள். சிலருக்கு அடி, சிலருக்குச் சிறை. ஆனால் வந்தார்கள். சாலை திறந்ததும் என் பயிற்சியாளர் எரிபொருளோடு ஜீப்பில் வந்தார். ஓடுதளத்தை நடந்து பார்த்துவிட்டு, "இங்க இறக்கினது சரியான முடிவு" என்று மட்டும் சொன்னார். வேப்பிலையை எடுக்கப் போனவர் குப்பம்மாளைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

அப்பாவும் வீடு வந்து சேர்ந்தார். கால் வீங்கியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னபோது கண்ணை மூடிக் கேட்டார். அவர் வேறொரு இடத்தில் உட்கார்ந்திருந்தாராம். அன்று ஒரு சின்ன விமானத்தின் சத்தத்தை அவர்களும் கேட்டார்களாம். "எம் பொண்ணும் இத மாதிரி ஒன்னுதான் ஓட்டுதுன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொன்னேன். ஒருத்தனும் நம்பல" என்றார்.

அந்த வருடம் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும் பானை ஏற்றியிருப்பார்கள். அவர்களை மறந்துவிட்டு இதை எழுதினால் அம்மன் என்னை மன்னிக்க மாட்டாள். ஏன் எனக்கு, ஏன் அவர்களுக்கு இல்லை என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

திருச்சிப் பயணத்தைப் பிறகு முடித்தேன். லைசென்ஸ் வாங்கிவிட்டேன். இப்போது பெரிய விமானம் ஓட்டும் உரிமத்துக்குப் படிக்கிறேன். முன்பெல்லாம் எனக்கு மார்க் வர வேண்டும், எனக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் கும்பிடுவேன். இப்போது விமானத்தில் ஏறும்போது கீழே இருக்கிறவர்களுக்காகக் கும்பிடுகிறேன். எனக்காகக் கீழே யாரோ கும்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கும் சகோதரியே, சகோதரனே, நீங்களும் ஏதோ ஒன்றுக்காக அவள் முன்னால் காத்திருப்பீர்கள். கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் கத்துங்கள், அவள் கேட்பாள். காத்திருக்கும்போது யாராவது ஆபத்தில் உங்கள் தலைக்கு மேல் வட்டமடித்தால், நம் வேண்டுதல் கெட்டுப்போகுமே என்று பயப்படாதீர்கள். பானையை இறக்கி அவர்களுக்கு இடம் விடுங்கள். அன்று இறக்கிய பானைகளில் ஒன்றுகூடப் பொங்காமல் போகவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.